எச்சில் அளவு சரியாக இருக்கிறதாம், வாய் மட்டும் ஏன் காய்கிறது?

காவிரிக்கரை டீச்சர் (தஞ்சாவூர்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 61 வயது. 32 வருஷம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எட்டு மாதமாக வாய் காய்ந்துபோகிறது. "நிறையத் தண்ணீர் குடிங்க" என்று சொல்லாதவர் இல்லை. குடிக்கிறேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு மடக்கு குடிக்கிறேன். குடித்த கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆகிவிடுகிறது.

எப்படிப்பட்ட வறட்சி என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து பதிகம் பாடுவோம். முன்பெல்லாம் பத்துப் பாட்டையும் ஒரு சொட்டுத் தண்ணீர் தொடாமல் பாடி முடிப்பேன். இப்போது இரண்டாம் பாட்டிலேயே ட, ண, ள வரும் இடங்களில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பிரியும்போது ஒரு சத்தம் வருகிறது, பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கிறது. உச்சரிப்பைத் திருத்தியே வாழ்க்கையை ஓட்டினவளுக்கு இது எவ்வளவு வேதனை என்று சொல்லத் தெரியவில்லை. சப்பாத்தி, பொரி, முறுக்கு எதுவும் தண்ணீர் இல்லாமல் இறங்காது. ராத்திரி இரண்டு தடவை தண்ணீருக்காகவே எழுந்திருக்கிறேன்.

சர்க்கரை பார்த்தாயிற்று, இல்லை. தைராய்டும் சரி. போன மாதம் ஒரு ஆஸ்பத்திரியில் எச்சிலை அளந்தார்கள். சாயங்காலம் ஐந்தரை மணி. அதற்கு முன் ஒரு மணி நேரம் காத்திருந்தேன், தொண்டை காய்கிறதே என்று புளிப்பு மிட்டாய் ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தேன். கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் கப்பைக் கொடுத்து பத்து நிமிஷம் துப்பச் சொன்னார்கள். 3 மில்லி கோடு வரைக்கும் வந்தது. "நிமிஷத்துக்கு 0.3 மில்லி, இது நார்மல். மனசுதான் காரணம், யோகா செய்யுங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. அளவு பொய் சொல்லாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவள் நான். அப்படியானால் என் நாக்கு பொய் சொல்கிறதா? இதைப்பற்றித் தெரிந்தவர்கள் யாராவது விளக்கினால் பெரிய உதவி.

சாப்பிடும் மருந்துகள்: போன வருஷம் இடுப்பில் அக்கி வந்து போனது. அந்த நரம்பு வலிக்கு ஒன்பது மாதமாக ராத்திரி அமிட்ரிப்டிலின் 25 மில்லிகிராம். தும்மலுக்கு லீவோசெட்ரிசின், வாரத்தில் நாலைந்து நாள்.

---

வாய்நலம் (பல் மருத்துவக் கல்லூரி, மதுரை):

அம்மா, வணக்கம். நான் வாய் நோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் நாக்கு பொய் சொல்லவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எச்சில் குறைவது ஒரு விஷயம். வாய் காய்வதாக உணர்வது இன்னொரு விஷயம். இரண்டுக்கும் மருத்துவத்தில் தனித்தனிப் பெயர் உண்டு. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்கும் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் பல பேரிடம் அப்படி இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் முதியவர்களிடம் மர்ரே தாம்சன் குழுவினர் இரண்டையும் அளந்து 1999இல் எழுதினார்கள். வறட்சியாக உணர்ந்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். எச்சில் உண்மையிலேயே குறைந்தவர்களும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். ஆனால் இரண்டும் சேர்ந்து இருந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவில்தான். அதாவது எச்சில் குறைந்த பெரும்பாலானவர்களுக்கு வறட்சி தெரியவில்லை. வறட்சி என்று சொன்ன பெரும்பாலானவர்களுக்கு எச்சில் 'போதுமான அளவு' இருந்தது.

இதற்கு ஒரு நல்ல விளக்கம் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்து காலின் டாஸ் என்பவரிடமிருந்து 1987இல் வந்தது. நல்ல ஆரோக்கியமானவர்களுக்கு எச்சிலைக் குறைக்கும் மருந்து கொடுத்து, எப்போது வாய் காய ஆரம்பிக்கிறது என்று பார்த்தார். அவரவர் வழக்கமான சுரப்பில் பாதி அளவுக்கு இறங்கும்போது வறட்சி தெரிந்தது. பொதுவான எல்லைக்கோடு எதையும் யாருடைய வாயும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சும்மா இருக்கும்போது சராசரியாக நிமிஷத்துக்கு 0.3 முதல் 0.4 மில்லி சுரக்கும் என்பார்கள், 0.1க்குக் கீழே போனால் குறைபாடு என்பார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகப் பெரியது. எப்போதும் 0.6 சுரந்த ஒருவருக்கு 0.3 வந்தால் அவர் வாய் காயும். காகிதத்தில் அது 'நார்மல்'. பாடுகிறவர், பேசியே பழகியவர் நீங்கள். உங்கள் பழைய அளவு என்ன என்று யாருக்கும் தெரியாது, யாரும் அப்போது அளக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. விழுங்கி முடித்தபின் வாயில் மிஞ்சுவது முக்கால் மில்லி சொச்சம் எச்சில்தான். அது பால் ஏடு மாதிரி வாய் முழுக்க மெல்லியதாகப் பரவியிருக்கும், சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது. அதிலும் எல்லா இடத்தையும்விட மெல்லியது முன் மேலண்ணத்தில். நீங்கள் ட, ண, ள சொல்லும்போது நாக்கு நுனி போய்த் தொடும் அதே இடம். கப்பில் அளப்பது மொத்தச் சுரப்பை. மேலண்ணத்து ஏடு காய்ந்திருக்கிறதா என்று அந்தக் கப்புக்குத் தெரியாது. அங்கே வழவழப்பைக் கொடுப்பது அண்ணத்திலேயே இருக்கும் சின்னச் சின்னச் சுரப்பிகள். மொத்த எச்சிலில் அவற்றின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு, ஆனால் கொழகொழப்பில் பெரிய பங்கு அவற்றுடையது. அதனால்தான் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் வெறும் தண்ணீர் குடிப்பதும் உங்களுக்குக் கை கொடுக்கவில்லை. இருக்கும் கொழகொழப்பையும் அது கழுவிக்கொண்டு போய்விடுகிறது. தாகத்துக்குக் குடியுங்கள். நாக்கை நனைக்க என்றால் ஒரு சின்ன மிடறு எடுத்து, வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்குங்கள்.

இப்போது அந்த அளவீட்டுக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன விவரத்தைப் பார்த்தால் அந்த 0.3ஐ நான் நம்பமாட்டேன். புளிப்பு மிட்டாய் எச்சிலை ஊற வைக்கும். சாயங்காலம் ஐந்து மணிவாக்கில்தான் ஒரு நாளில் சுரப்பு உச்சத்தில் இருக்கும். கோட்டைப் பார்த்து அளந்தால் நுரையும் சேர்ந்து கணக்கில் வந்துவிடும். மூன்றும் ஒரே பக்கமாக, கூட்டித்தான் காட்டும்.

வீட்டிலேயே நிதானமாக அளக்கலாம். நகை எடை பார்க்கும் கையடக்க டிஜிட்டல் தராசு, 0.01 கிராம் காட்டுவது, கடையில் கிடைக்கும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் ஏதாவது ஒரே நேரம். அதற்கு முன் ஒன்றரை மணி நேரம் சாப்பாடு, காபி, பல் துலக்குவது எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீரில் கொப்பளித்து ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். காலி கப்பை எடை போடுங்கள். இருக்கிற எச்சிலை ஒருமுறை விழுங்கிவிட்டு, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, வாயைத் திறந்தபடி எச்சில் தானாகக் கப்பில் வழியட்டும். பேசக் கூடாது, விழுங்கக் கூடாது, நாக்கை அசைக்கக் கூடாது. ஐந்து நிமிஷம் முடிந்ததும் மிச்சத்தைத் துப்பிவிட்டு மறுபடி எடை. ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தால் வகுத்தால் நிமிஷக் கணக்கு. ஒரு நாள் அளவை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள், ஒரு வாரம் எடுங்கள். படுத்துக்கொண்டோ இருட்டறையிலோ அளக்காதீர்கள், இரண்டிலும் குறையும்.

உணர்வையும் எண்ணாக எழுதுங்கள். அதே தாம்சன் குழு 11 வாக்கியங்கள் கொண்ட ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சாப்பாட்டை விழுங்கத் தண்ணீர் தேவைப்படுகிறதா, ராத்திரி தண்ணீருக்கு எழுகிறீர்களா, உதடு, கண், மூக்கின் உள்பக்கம், முகத்தோல் காய்கிறதா என்று போகும். 'ஒருபோதும் இல்லை' என்றால் 1, 'மிக அடிக்கடி' என்றால் 5. ஆக 11க்கும் 55க்கும் நடுவில் ஒரு மதிப்பெண் வரும்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பிலிப் ஃபாக்ஸும் உடன் வேலை செய்தவர்களும் 1987இலேயே ஒன்றைக் கவனித்தார்கள். ராத்திரி காய்கிறது, காலையில் எழும்போது காய்கிறது என்பதை வைத்து எச்சில் குறைவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. தூங்கும்போது எல்லாருக்கும் சுரப்பு கிட்டத்தட்ட நின்றுவிடும். சாப்பிடும்போது வாய் காய்கிறதா, உலர்ந்த பண்டத்தை விழுங்கத் தண்ணீர் வேண்டுமா என்ற கேள்விகள்தான் உண்மைச் சுரப்போடு ஒத்துப்போயின. உங்கள் கடிதத்தில் பொரியும் முறுக்கும் வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அதனால்தான்.

அமிட்ரிப்டிலின் வாயைக் காய வைக்கும் மருந்துகளில் முன்வரிசையில் இருப்பது. லீவோசெட்ரிசின் அதோடு சேர்கிறது. நீங்களாக எதையும் நிறுத்தவே வேண்டாம். நிறுத்தினால் வலி திரும்பும், தூக்கமும் கெடும். அளந்த காகிதத்தோடு நரம்பு மருத்துவரைப் பாருங்கள்.

---

நாலாம் வருஷம் (ஈரோடு):

டீச்சர், டாக்டர் சொன்னதற்கு மறுபக்கம் நான்.

நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் வந்து 35 நாள் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டவன். முதல் வருஷம் வாய் பாலைவனம். பாட்டில் இல்லாமல் வாசலுக்குக் கூடப் போகமாட்டேன். சோற்றை ரசத்தில் கரைத்துக் குடித்தேன். அப்போது ஆஸ்பத்திரியில் ஒரு காகிதத்தில் 10 சென்டிமீட்டர் கோடு போட்டு, "வறட்சியே இல்லை என்றால் இந்த முனை, தாங்க முடியவில்லை என்றால் அந்த முனை, எங்கே இருக்கிறீர்கள் என்று புள்ளி வையுங்கள்" என்பார்கள். நான் கோட்டின் கடைசியில் வைப்பேன். இப்போது வைக்கச் சொன்னால் நடுவுக்கு முன்னாலேயே வைப்பேன். பழகிவிட்டது. குழம்பு அதிகம் ஊற்றிக்கொள்வது, ரொட்டியை டீயில் நனைப்பது எல்லாம் கை தானாகச் செய்கிறது. யாராவது கேட்டால் "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிடுவேன்.

எச்சில் வந்துவிட்டதா என்றால் எனக்கு நிச்சயமில்லை. போன மாதம் மேல்வரிசையில் ஒரு பல் ஈறோரத்தில் கறுத்து, சப்பாத்தி மெல்லும்போது முனை உடைந்தது. வலியே இல்லை. பக்கத்துப் பல்லிலும் அதே இடத்தில் பழுப்புக் கோடு.

அதனால் உங்களிடம் சொல்வது: காய்கிறது என்று தெரிகிறதே, அது நல்லது. எனக்குத் தெரியாமல் போனதுதான் பல்லைக் கொண்டுபோய்விட்டது என்று தோன்றுகிறது. ராத்திரி படுக்கும் முன் விரலில் ஒரு துளி நல்லெண்ணெய் தொட்டு மேலண்ணத்தில் தடவிக்கொள்வேன். எனக்கு இதமாக இருக்கிறது, நீங்களும் செய்து பார்க்கலாம்.

---

வாய்நலம்:

நாலாம் வருஷம் அவர்களுக்கு: தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ஈறோரச் சொத்தை, அதுவும் கதிர்வீச்சுக்குப் பிறகு, எச்சில் குறைவு விட்டுச்செல்லும் தடம். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஸ்டீபன் சாலகாம்ப் பத்து அடையாளங்கள் கொண்ட ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார். நோயாளி என்ன உணர்கிறார் என்று அதில் கேள்வியே கிடையாது. பல் மருத்துவரின் சின்னக் கண்ணாடி கன்னத்தின் உள்பக்கத்தில் ஒட்டுகிறதா, நாக்கில் ஒட்டுகிறதா, எச்சில் நுரைத்திருக்கிறதா, நாக்கடியில் தேங்காமல் இருக்கிறதா, நாக்கில் வெடிப்பு இருக்கிறதா, ஈறோரத்தில் புதிதாகச் சொத்தை விழுகிறதா என்று கண்ணால் பார்ப்பது. உங்களைப் போலப் பழகிப்போனவர்களை அதுதான் பிடிக்கும்.

பல் மருத்துவரிடம் போனதும் முதல் வார்த்தையாகக் கதிர்வீச்சு எடுத்ததைச் சொல்லுங்கள். அந்தத் தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் யாரும் பல்லைப் பிடுங்கக் கூடாது. தினமும் வீரியம் கூடிய ஃப்ளூரைடு போட வேண்டியிருக்கும்.

எனக்கு இதில் ஓர் ஆதங்கம் உண்டு. கன்னத்துச் சுரப்பிக்குச் சராசரியாக 26 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவைத் தாண்டிக் கதிர் விழுந்தால் அது மீள்வது கடினம் என்று 1999இலிருந்து தெரியும். சுரப்பியை ஒதுக்கிக் கதிர் பாய்ச்சும் முறையும் வந்துவிட்டது. இருந்தும் சிகிச்சைக்கு முன் எச்சில் எவ்வளவு இருந்தது என்று எத்தனை பேருக்கு எழுதி வைக்கிறோம்? ஐந்து நிமிஷமும் ஒரு கப்பும் போதும்.

---

உலர்கண் (கோவை):

டீச்சர் அக்கா, ஒரே ஒரு கேள்வி. கண் எப்படி இருக்கிறது? மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறதா?

எனக்கு ஷோக்ரன் நோய், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குவது. ஐந்து வருஷம் "டென்ஷன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அழுதால் கண்ணீர் வரவில்லை என்று சொன்னபோதுதான் ஒரு கண் டாக்டர் காகிதப் பட்டையைக் கீழிமையில் மடித்து வைத்து ஐந்து நிமிஷம் பார்த்தார். 3 மில்லிமீட்டர்தான் நனைந்தது. 5 அல்லது அதற்குக் கீழே என்றால் கணக்கில் சேரும். அப்புறம் ரத்தத்தில் ஆன்டி-ரோ என்ற எதிர்ப்பொருள் பரிசோதனை, கீழுதட்டின் உள்பக்கம் சின்னச் சதை எடுத்துப் பரிசோதனை. 2016இல் வந்த மதிப்பெண் முறையில் அந்த ரத்தப் பரிசோதனைக்கும் உதட்டுப் பரிசோதனைக்கும் தலா 3, எச்சில் நிமிஷத்துக்கு 0.1 அல்லது அதற்குக் கீழே இருந்தால் 1. மொத்தம் 4 வந்தால் அந்த நோய். எச்சில் அளவுக்கு 1 தான் என்பதைக் கவனியுங்கள். அதை மட்டும் வைத்து இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

உங்களுக்கு மருந்து ஆரம்பித்த பிறகு வந்தது என்பதால் இதுவாக இருக்காது என்று நம்புகிறேன். ஆனாலும் கண்ணையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

காவிரிக்கரை டீச்சர்:

டாக்டர், தம்பி, தங்கை, மூன்று பேருக்கும் கைகூப்பி நன்றி. கண் நன்றாக இருக்கிறது அம்மா, உறுத்தல் இல்லை.

ஒரு வாரம் அளந்துவிட்டேன். பேரன் தராசு வாங்கிக்கொடுத்தான். தினமும் காலை 9.30. ஐந்து நிமிஷத்தில் வந்த எடை, கிராமில்: 0.7, 0.6, 0.8, 0.5, 0.7, 0.6, 0.6. சராசரி நிமிஷத்துக்கு 0.13.

சந்தேகம் தீர வேண்டும் என்று ஒருநாள் அந்த ஆஸ்பத்திரியில் நடந்தது போலவே செய்து பார்த்தேன். சாயங்காலம் ஐந்தரைக்கு, புளிப்பு மிட்டாயைச் சப்பிவிட்டு, அதே மாதிரி கோடு போட்ட கப்பில். கோட்டில் பார்த்தால் 2 மில்லி, ஐந்து நிமிஷத்தில். எடை போட்டால் 1.3 கிராம். மூன்றில் ஒரு பங்கு நுரையாகவே நின்றது. நம்ப முடியாமல் மூன்று தடவை எடை போட்டேன்.

11 வாக்கியப் பட்டியலில் எனக்கு 38.

எனக்கென்று ஓர் அளவையும் வைத்துக்கொண்டேன். பதிகத்தைச் சத்தமாகப் படித்து, நாக்கு முதல்தடவை ஒட்டுகிறவரை எத்தனை அடி போகிறது என்று எண்ணுகிறேன். இது மருத்துவத்தில் செல்லுமா தெரியாது. எனக்கு வேண்டியது இதுதான், அதனால் இதையும் குறிக்கிறேன். ஏழு நாளில் ஆறு அடியைத் தாண்டவில்லை.

ஒரு நாள் 0.8 வந்தது, அன்று வாய் மற்ற நாளைவிட மோசம். 0.5 வந்த நாள் அவ்வளவு கஷ்டம் தெரியவில்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது டாக்டர்?

---

வாய்நலம்:

அம்மா, 0.13 என்பது 0.1க்கு மேலேதான், ஆனால் யாரும் நிம்மதியாகத் தூங்கக்கூடிய இடம் இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு: அந்த 0.5, 0.8 வித்தியாசம் அளவீட்டின் ஊசலாட்டத்துக்குள் அடங்கிவிடும். ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் இவ்வளவு மாறுவது வழக்கம். அதனால் ஒரு நாளின் உணர்வை அதே நாளின் எண்ணோடு கட்டிப்போடாதீர்கள். வார சராசரியை வார சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். அந்த 0.8 நாளில் தூக்கம் எப்படி, மூக்கு அடைத்திருந்ததா, மனசில் ஏதாவது கவலையா என்றும் ஓரத்தில் எழுதுங்கள். வாயால் மூச்சு விட்டால் சுரப்பு எவ்வளவு இருந்தாலும் மேலண்ணம் காயும். பயத்திலும் நாக்கு ஒட்டும். குற்றம் செய்தவனைக் கண்டுபிடிக்க அரிசியை மெல்லக் கொடுத்த பழைய வழக்கம் நம் நாட்டில் இருந்ததே, அது இதை நம்பித்தான்.

உங்கள் பதிக அளவு நூற்றுக்கு நூறு செல்லும். எழுதிக்கொண்டே வாருங்கள்.

இன்னொரு அளவு பாக்கி இருக்கிறது. மெல்லும்போது எவ்வளவு ஊறுகிறது என்பது. பல் மருத்துவரிடம் சுவையில்லாத மெழுகை மெல்லக் கொடுத்து அளப்பார்கள். நிமிஷத்துக்கு 0.7க்குக் கீழே என்றால் குறைவு. அது நன்றாக இருந்தால் சுரப்பிகள் உயிரோடு இருக்கின்றன, தட்டி எழுப்பினால் போதும் என்று அர்த்தம்.

---

காவிரிக்கரை டீச்சர் (ஐந்து வாரம் கழித்து):

திரும்பி வந்து சொல்லாமல் போனால் தவறு என்று எழுதுகிறேன்.

நரம்பு மருத்துவரிடம் என் நோட்டைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். அமிட்ரிப்டிலினை 25இலிருந்து 10க்கு இறக்கினார். வலி முதல் வாரம் கொஞ்சம் தலை தூக்கியது, அப்புறம் தாங்கும்படி ஆகிவிட்டது. காது மூக்கு தொண்டை மருத்துவர் லீவோசெட்ரிசினை நிறுத்தி மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே கொடுத்தார். மூக்கின் இடது பக்கம் அடைத்தே இருந்திருக்கிறது, நான் வாயைத் திறந்துதான் தூங்குகிறேன் என்று வீட்டில் கேட்டபோது ஒரே குரலில் சொன்னார்கள். இத்தனை நாள் ஒருவரும் சொல்லவில்லை!

வாய் நோய் மருத்துவர் மெழுகு மெல்ல வைத்து அளந்தார். நிமிஷத்துக்கு 1.2. சுரப்பிகள் நன்றாக இருக்கின்றன என்றார். எச்சிலை ஊற வைக்கும் பைலோகார்பின் மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், சர்க்கரை இல்லாத சூயிங்கம் போதும் என்றார். என் ஊரில் கிழவி சூயிங்கம் மெல்வதா என்று யோசிக்கவில்லை, பாட்டுக்குப் போகும் முன் பத்து நிமிஷம் மென்றுவிட்டுத் துப்பிவிட்டுப் போகிறேன். புளிப்பு மிட்டாயை விட்டுவிட்டேன். சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்து பல்லை அரிக்கும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

மூன்று வாரம் ஆனபின் அளந்தது, ஐந்து நாள்: 1.0, 1.1, 0.9, 1.1, 1.0. நிமிஷத்துக்கு 0.2. பழையதைவிட ஒன்றரை மடங்கு. பட்டியல் மதிப்பெண் 38இலிருந்து 31.

எச்சில் கூடிய அளவுக்கு மதிப்பெண் இறங்கவில்லை என்பதைக் கவனித்தேன். ஒவ்வொரு வாக்கியமாகப் பிரித்துப் பார்த்தபோது, சாப்பிடும்போது காய்வது, விழுங்கத் தண்ணீர் தேடுவது எல்லாம் நன்றாகக் குறைந்திருக்கின்றன. உதடும் மூக்கும் அப்படியே. ராத்திரி எழுவது இரண்டிலிருந்து ஒன்று. ஒரே மொத்த எண்ணாகப் பார்த்திருந்தால் எது மாறியது, எது மாறவில்லை என்று தெரியாமல் போயிருக்கும். விடைத்தாள் திருத்தும்போது மொத்த மதிப்பெண்ணைவிட எந்தக் கேள்வியில் பிள்ளை தடுமாறினான் என்று பார்ப்பேன், அந்தப் பழக்கம் உதவியது.

பதிகம்: போன வெள்ளிக்கிழமை ஐந்தாம் பாட்டின் முதல் அடி வரைக்கும் தண்ணீர் இல்லாமல் போனேன்.

தம்பி, நீங்கள் பல் மருத்துவரைப் பார்த்தீர்களா? நீங்கள் எழுதியதிலிருந்து அது மனசில் இருக்கிறது.

---

நாலாம் வருஷம்:

பார்த்துவிட்டேன் டீச்சர். நீங்கள் கேட்பீர்கள் என்றே தராசு வாங்கினேன்.

ஐந்து நிமிஷத்தில் 0.2 கிராம். மறுநாள் 0.3. நிமிஷத்துக்கு 0.05. மென்றாலும் பெரிதாக ஊறவில்லை, அதனால் சூயிங்கம் எனக்கு உதவாதாம். பட்டியலில் எனக்கு வந்தது 27. உங்களைவிடக் குறைவு. எச்சில் உங்களுடையதில் நாலில் ஒரு பங்கு, கஷ்டம் உங்களைவிடக் கம்மி என்று காகிதம் சொல்கிறது. மனைவியிடம் காட்டினேன். "நீங்க சொல்றதை யார் கேட்டது, பல்லைக் கேளுங்க" என்றாள்.

கண்ணாடி இரண்டு கன்னத்திலும் ஒட்டியது. ஐந்து பல்லில் ஈறோரச் சொத்தை. பிடுங்க வேண்டாம், அடைத்துவிடலாம் என்று புற்றுநோய் மருத்துவரிடம் போனில் பேசிவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். இரண்டு அடைத்தாயிற்று. பல்வரிசைக்கு அச்சு எடுத்து ஃப்ளூரைடு ஜெல் போடும் தட்டு செய்கிறார்கள், செவ்வாய்க்கிழமை வாங்கப் போகிறேன்.